சோமசெற் நிற்க ஓர் இடம்

யாழ்ப்பாணத்து வீதிகளில் இன்றைக்கும் தட்டுப்படுகிற ஒஸ்ரின் ஏ-40 சோமசெற் கார் 1952 பெப்ரவரியில் இங்கிலாந்தில் அறிமுகமானது. 2027 பெப்ரவரியில் அதற்கு 75 வயது நிறைகிறது. அந்த மாதத்தில் ஒரு நாள், குடாநாட்டில் எஞ்சியிருக்கிற சோமசெற்களையும், அவற்றோடு சேர்ந்து உழைத்த மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களையும் ஓரிடத்தில் கூட்டிவிட வேண்டும் என்று சிலர் முனைந்திருக்கிறார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று யாரும் இல்லை. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர். சுன்னாகம் பக்கத்தில் கராச் வைத்திருக்கிற இளைஞர். தகப்பனார் வாடகைக்கு ஓட்டிய காரை விற்க மனமில்லாமல் வைத்திருக்கிற, வங்கியில் வேலை பார்க்கும் பெண். எழுபதைக் கடந்த சாரதி ஐயா. எங்கே கூடுவது என்று பார்த்துவர இவர்கள் புறப்பட்டபோது நானும் சேர்ந்துகொண்டேன்.

சோமசெற்றிலேயே போய்த்தான் இடம் பார்ப்பது என்பது சாரதி ஐயாவின் நிபந்தனை. “வானில போய்ப் பாத்தா வானுக்குத்தான் இடம் பாத்துக்கொண்டு வருவியள்” என்றார். அந்தப் பேச்சுக்கு மறுபேச்சில்லை. ஆசிரியர் ஒரு கொப்பியில் தலைப்புகள் எழுதிக்கொண்டார்: தரை, நிழல், தண்ணீர், கழிப்பறை, உப்புக்காற்று, பஸ் வசதி, கிட்டடியில் கராச், கட்டணம். பார்க்கிற ஒவ்வோர் இடத்துக்கும் இந்த எட்டிலும் புள்ளி போடுவதாகத் திட்டம்.

சோமசெற்றைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்ல வேண்டும். முதுகு வளைந்த, கொழுத்த உடம்பு. முன் மட்காட்டுக்குள் புதைந்த இரண்டு பெரிய விளக்குகள். பொனற்றின் நுனியில் பறக்கிற ‘ஏ’ எழுத்து. கியர்க் கம்பு ஸ்ரியரிங்கின் கழுத்தில் இருக்கிறது. அதனால் முன் ஆசனத்தில் இன்னும் ஒருவர் நெருக்கி உட்காரலாம். திரும்பும்போது கதவுகளுக்கு நடுவிலிருந்து ஒரு சிறு கை வெளியே நீண்டு திசை காட்டும். 1,200 சிசி இயந்திரம், 42 குதிரை வலு. பேமிங்காமின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் 1954 வரை ஏறத்தாழ 1,73,000 கார்கள் கட்டப்பட்டன. போரில் நொடிந்த பிரித்தானியா அந்நியச் செலாவணிக்காக வெளிநாடுகளுக்குக் கார்களைத் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. ஜப்பானில் நிஸான் நிறுவனம் ஒஸ்ரினிடம் உரிமம் பெற்று 1953 முதல் இதே சோமசெற்றைப் பூட்டித் தொழில் கற்றது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் இதில் உறவு உண்டு. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் சென்னை எண்ணூரில் முதலில் பூட்டியது ஒஸ்ரின் ஏ-40 கார்களைத்தான். அதே நிறுவனம்தான் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது.

இங்கே அந்தக் கார்களை வாங்கியவர்கள் அரசாங்க உத்தியோகத்தர், ஆசிரியர், சுருட்டு வியாபாரி, புகையிலையிலும் வெங்காயத்திலும் நாலு காசு கண்ட தோட்டக்காரர். 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து இறக்குமதி இறுகியது. புதுக் கார் கனவாகிப்போக, இருந்த காரைத் திருத்தி ஓட்டுவதே வழியாயிற்று. வீட்டுக்காரரிடமிருந்து கை மாறிக் கை மாறி, சோமசெற் வாடகைக் காரானது. கலியாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றியதும், நடுச்சாமத்தில் பிள்ளைப்பெறுக்குப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடியதும், செத்தவீட்டுக்குச் சொந்தக்காரரை அள்ளிக்கொண்டு போனதும் இந்தக் கார்தான்.

முதலில் காரைநகர் பார்க்கப் போனோம். மானிப்பாய், வட்டுக்கோட்டை கடந்து பொன்னாலைக்கு வந்தால் இரண்டு பக்கமும் கடல். நடுவே நீளுகிற தாம்போதியில் சோமசெற் மணிக்கு முப்பது மைலில் ஒரே சீராக ஓடியது. அதன் வேகமானியில் இன்னும் மைல் கணக்குத்தான். கசூரினாக் கடற்கரையின் அழகைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சவுக்கு மர நிழல், முழங்காலளவு ஆழத்திலேயே வெகுதூரம் போகிற அமைதியான கடல், பிள்ளைகள் விளையாட நல்ல மணல். வங்கிப் பெண்ணுக்கு இடம் பிடித்துவிட்டது. “குடும்பத்தோட வாறவைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது ஐயா” என்றார். சாரதி ஐயா பதில் சொல்லாமல் காரின் கதவடியில் விரலால் துடைத்து நக்கிப் பார்த்தார். உப்பு.

கராச் இளைஞர் விளக்கினார். சோமசெற்றின் உடம்புக்குக் கீழே தனியான சட்டம், அதாவது சேசி, இருக்கிறது. குண்டும் குழியுமான வீதிகளில் இத்தனை ஆண்டு தாங்கியது அந்தச் சேசியின் தயவால். ஆனால், சேசியும் தகடும் சேருகிற இடுக்குகளில் உப்பு ஈரம் தங்கினால் துரு உள்ளே இருந்து தின்னத் தொடங்கும். வெளியே பெயின்ற் பளபளவென்று இருக்கும்போதே அடியில் தகடு பப்படம்போல நொறுங்கும். ஒரு நாள் நிறுத்தினால் கார் கெட்டுவிடாதுதான். ஆனால், கூட்டத்துக்கு வருகிற எல்லோரும் வீட்டுக்குப் போய் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுவார்கள் என்று உத்தரவாதம் இல்லை. எழுபது வருடம் காப்பாற்றிய பொருளைக் கொண்டாடுகிற அன்றைக்கே அதற்குக் கேடு செய்யக் கூடாது என்றார். ஆசிரியர் உப்புக்காற்று என்ற தலைப்பின் கீழே சுழி போட்டார்.

திரும்பிப் பொன்னாலையிலிருந்து மாதகல் ஊடாகக் கரையோரமாகவே கீரிமலைக்கு வந்தோம். நகுலேஸ்வரத்துக்கு முன்னால், கடலை ஒட்டி நன்னீர் ஊறுகிற கேணி. ஆடி அமாவாசைக்குத் தகப்பனை இழந்தவர்கள் கூடுகிற இடம். அன்றைக்கும் பிதிர்க்கடன் கழிக்க வந்த குடும்பங்கள் நின்றன. யாரும் புள்ளி போடச் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம்.

காங்கேசன்துறை வேறு கதை. 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலையின் எலும்புக்கூடு இன்னும் வானத்தில் நிற்கிறது. 1990இல் போர் மூண்டபோது நின்ற தொழிற்சாலை. சுற்றியிருந்த ஊர்களும் அப்போதே இடம்பெயர்ந்தன. உயர் பாதுகாப்பு வலயமாகிப்போன காணிகள் போர் முடிந்த பின்புதான் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டன. இன்னும் திரும்பாத காணிகளும் உண்டு. 2015இல் ரயில் மீண்டும் காங்கேசன்துறைக்கு வந்தது. 2023 ஒக்ரோபரில் நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்தது. ஆசிரியர் இந்த இடத்தை விரும்பியதற்குக் காரணம் அந்தக் கப்பல். எண்ணூரில் பூட்டிய காருக்கும் லோங்பிரிட்ஜில் கட்டிய காருக்கும் சொந்தக்காரர் ஒருநாள் இங்கே சந்திக்கலாம் என்பது அவருடைய ஆசை. நல்ல ஆசைதான். ஆனால், திறந்த தரையில் பெரும்பகுதி கடலைப் பார்த்தே கிடக்கிறது. ஒதுங்க மரநிழல் குறைவு. நகரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் நேரம் பார்த்தே திரும்ப வேண்டும்.

அங்கே ஒரு தேநீர்க் கடையின் முன்னால் காரை நிறுத்தியபோதுதான் சாரதி ஐயா பொனற்றைத் திறந்து, மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தைக் காட்டினார். காபரேற்றருக்குப் பக்கத்தில், எரிபொருள் குழாயில் இரண்டாகப் பிரிகிற ஒரு பித்தளைத் திருகு இன்னும் இருக்கிறது. 1990க்குப் பிறகு குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மின்சாரமும் இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து கிடைத்தது. காரின் பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய். பொனற்றுக்குள் கட்டித் தொங்கவிட்ட சின்னப் போத்தலில் பெற்றோல். காலையில் திருகைப் பெற்றோல் பக்கம் திருப்பி, ஹாண்டில் போட்டுச் சுழற்றிக் காரை உசுப்ப வேண்டும். இயந்திரம் நன்றாகச் சூடேறிய பிறகு திருகை மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். சூடு போதாவிட்டால் மண்ணெண்ணெய் ஆவியாகாது; வெள்ளைப் புகை தள்ளிக்கொண்டு கார் செத்துவிடும். இறங்க வேண்டிய இடம் நெருங்கும்போது மறக்காமல் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். காபரேற்றரின் குவளைக்குள் பெற்றோல் நின்றால்தான் அடுத்த முறை கார் எழும்பும்.

“மறந்துபோனா?” என்று வங்கிப் பெண் கேட்டார்.

“மறந்தா தள்ளுறதுதான் பிள்ளை. உன்ர கொப்பர் ஒருக்காலும் மறக்கேல்லை” என்றார் ஐயா. அவரும் அந்தத் தகப்பனாரும் ஒரே தரிப்பிடத்தில் கார் விட்டவர்கள்.

இந்தக் கார்களால் அது முடிந்ததற்குப் பொறியியல் காரணம் இருக்கிறது. சோமசெற் இயந்திரம் காற்றையும் எரிபொருளையும் ஏழில் ஒரு பங்களவுக்குத்தான் அமுக்குகிறது. இன்றைய பெற்றோல் கார்கள் பத்துக்கு மேல் அமுக்குகின்றன. மட்டமான எரிபொருளை அவ்வளவு இறுக்கினால் அது நேரம் தவறி வெடித்துப் பிஸ்ரனை உடைக்கும். இறுக்கம் குறைந்த இயந்திரம் பொறுத்துக்கொள்ளும். கணினியும் சென்சரும் இல்லாதபடியால் பழுதைக் காதால் கேட்டே கண்டுபிடிக்கலாம். ஆனாலும் விலை கொடுக்காமல் முடியவில்லை. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியே வழிந்து இயந்திர எண்ணெயில் கலந்து அதைத் தண்ணியாக்கிவிடும். அடிக்கடி எண்ணெய் மாற்றாதவர்களின் பெயாறிங்குகள் தேய்ந்துபோயின. கஸ்கற் கிடைக்காத நாட்களில் தடித்த மட்டையை வெட்டிப் போட்டார்கள். உழவு இயந்திரத்திலும் தண்ணீர்ப் பம்பிலும் கழற்றிய சாமான்களைக் கடைந்து பொருத்தினார்கள். பிரித்தானியாவில் இந்தக் கார்கள் நூதனசாலைக்கும் பழைய இரும்புக்கும் போய்க்கொண்டிருந்தபோது, இங்கே அவை நோயாளியை ஏற்றிக்கொண்டிருந்தன. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாக ஊர்ந்த சனத்துக்குள் இந்தக் கார்களும் இருந்தன. உள்ளே கிழவர்களும் குழந்தைகளும். கூரையில் பாயும் சட்டி பானையும்.

2022இல் நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது, அந்தப் பித்தளைத் திருகை ஐயா மீண்டும் ஒருமுறை கழற்றித் துடைத்துப் பூட்டிவைத்தாராம்.

மறுநாள் வடமராட்சிப் பக்கம். கோப்பாய் தாண்டி நீர்வேலியின் வாழைத் தோட்டங்களும் செம்மண்ணும் கடந்தால் வல்லை வெளி. மரமில்லாத அந்தப் பரப்பில் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. நெல்லியடி வழியாகப் பருத்தித்துறைக்குப் போய் வெளிச்சவீட்டடியில் நின்று, பருத்தித்துறை வடையும் தேநீரும் சாப்பிட்டோம். வல்வெட்டித்துறையையும் எட்டிப் பார்த்தோம். 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம் வரை பாய் விரித்துப் போன அன்னபூரணிக் கப்பல் கட்டப்பட்ட ஊர் அது. வேம்பை அறுத்துக் கப்பல் கட்டிய கைகளின் பிள்ளைகள்தான் பின்னாளில் கடைசல் பட்டறைகளில் காருக்குப் புஷ் கடைந்தார்கள் என்று ஆசிரியர் சொன்னார். குடாநாட்டின் தொழில்நுட்ப வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தத் தொடர்ச்சியைப் பார்க்க வேண்டும்.

மணற்காட்டு மேடுகள் படம் எடுப்பதற்கு வாய்த்த இடம். மணலில் புதைந்த பழைய தேவாலயமும், காற்று வரைந்த மடிப்புகளும் எந்தக் கமெராவையும் மயக்கும். கார் வீதியை விட்டு இறங்கிய கொஞ்ச நேரத்தில் பின் சில்லு சுழன்று புதைந்தது. 42 குதிரையும் பின் சில்லில்தான். எல்லோரும் இறங்கிப் பனையோலை வெட்டிப் போட்டுத் தள்ளி மேலேற்றினோம். அத்தோடு மணற்காடு கழிந்தது.

இரண்டு பக்கமும் பார்த்து முடித்த பின்புதான் கேள்வி தெளிந்தது என்று நினைக்கிறேன். பழைய கார் கூட்டம் என்றால் கொழும்பிலும் உலகெங்கிலும் ஒரு வழக்கம் இருக்கிறது: விடுதிப் புல்வெளி, கடற்கரை, வரிசையில் பளபளக்கிற கார்கள், நுழைவுச்சீட்டு. அதில் தப்பொன்றும் இல்லை. அங்கே கார் சேகரிப்புப் பொருள். யாழ்ப்பாணத்தில் அது உழைப்பாளி. இங்கே அதை வைத்திருப்பவர்களில் பலர் வசதிக்காரர் அல்லர். 2002இல் ஏ-9 பாதை திறந்ததும் புதிய வாகனங்கள் வந்தன. நல்ல நிலையில் இருந்த சோமசெற்கள் பல விலைப்பட்டுத் தெற்கே போயின. 2006இல் பாதை மூடி 2009இல் மீண்டும் திறந்தபோதும் அதுவே நடந்தது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுப் பழைய வாகனங்களின் விலை ஏறியபோதும் கேட்டு வந்தவர்கள் உண்டு. அதையெல்லாம் தாண்டி ஒருவர் இன்னும் காரை வைத்திருக்கிறார் என்றால், அவர் தன் காரில் தன் செலவில் வந்து, இருட்டுமுன் வீடு திரும்பக்கூடிய இடத்தில்தான் கூட்டம் நடக்க வேண்டும். இந்தக் கார்களில் பிறந்தவீடு போனவர்களும் ஆஸ்பத்திரி போனவர்களும் காசு கொடுக்காமல் நடந்து வந்து பார்க்கக்கூடிய இடமாகவும் அது இருக்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் முற்றவெளிதான். போர்த்துக்கேயர் தொடங்கி, 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐங்கோணமாகக் கட்டிய கோட்டைக்கு முன்னால் பரந்து கிடக்கும் வெளி. காரைவிட்டு இறங்கி ஆசிரியர் தலைப்புகளை ஒவ்வொன்றாக வாசித்தார். தரை கட்டாந்தரை, பெப்ரவரியில் மழை ஓய்ந்து காய்ந்திருக்கும். மத்திய பஸ் நிலையம் நடக்கிற தூரம். வாடகைக் கார்கள் தரித்து நின்ற இடங்களும் அந்தப் பக்கம்தான். பெற்றோல், கராச், ஆஸ்பத்திரி எல்லாம் கூப்பிடு தூரம். பண்ணைக் கடலின் காற்று வரும், ஆனால் அலையடித்து உப்பு தெறிக்கிற கரை அல்ல. நிழல் இல்லை, காலை வேளையில் நடத்திப் பத்தரைக்குள் முடித்துவிடலாம், அல்லது பந்தல் போடலாம்.

ஒன்றை மட்டும் சாரதி ஐயா நிறுத்திச் சொன்னார். முற்றவெளியில் 1974 ஜனவரி 10ஆம் திகதி உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் இறந்தவர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி, 1981இல் எரிக்கப்பட்டுத் திரும்பக் கட்டப்பட்ட பொது நூலகம். “இஞ்ச வந்து ஹோர்ன் அடிச்சுக் கூத்தாடேலாது. முதல்ல எல்லாரும் போய்ப் பூ வைச்சிட்டுத்தான் மற்ற வேலை.” எல்லோரும் ஓம் என்றார்கள். துக்கம் படியாத வெளி ஒன்றைத் தேடினால் குடாநாட்டில் கூட்டம் கூட இடமே அகப்படாது.

நினைவிடத்துக்கு எதிரே நிறுத்தியிருந்த காரின் பின்பக்கம் போய், இலக்கத் தகட்டைக் காட்டினார் ஆசிரியர். ஆங்கில எழுத்து இரண்டு, பிறகு இலக்கங்கள். 1957இல் வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து கட்டாயமானபோது தமிழரசுக் கட்சி எதிர்த்துப் போராடியது. சிங்கள எழுத்தில் தார் பூசித் தமிழ் ‘ஸ்ரீ’ எழுதிய இளைஞர்கள் சிறை போனார்கள். சோமசெற்கள் அதற்கு முன்பே பதிவானவை. ஒரு தகட்டை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு இந்த நாட்டின் அரசியலை ஒரு மணித்தியாலம் படிப்பிக்கலாம் என்றார் அவர். கூட்டத்தன்று ஒவ்வொரு காருக்கும் பக்கத்தில் அதன் வரலாற்றை எழுதி வைப்பது, பாடசாலைப் பிள்ளைகளை அழைப்பது, ஐயாவைப் போன்றவர்களை மண்ணெண்ணெய் ஓட்டத்தை நேரில் செய்துகாட்டச் சொல்வது என்று அங்கே நின்றபடியே தீர்மானமானது. உரிய இடங்களில் அனுமதி கேட்கும் பொறுப்பை வங்கிப் பெண் எடுத்துக்கொண்டார்.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வளவில், மாட்டுக்கொட்டிலில், மாமரத்தடியில் தறப்பாள் மூடிய சோமசெற்றோ மொறிஸ் மைனரோ கிடந்தால் இப்போதே திறந்து பாருங்கள். றேடியேற்றருக்குத் தண்ணீர் விடுங்கள், ஹாண்டில் போட்டு இயந்திரம் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள், இறுகியிருந்தால் சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். வெளிநாட்டில் இருக்கிறீர்களானால் ஊரில் இருப்பவரிடம் சொல்லுங்கள். காரை யார் ஓட்டினார், எங்கே ஓட்டினார், போர்க்காலத்தில் அதில் யாரை ஏற்றினார் என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கார் ஓடாவிட்டால் கட்டியிழுத்துக்கொண்டு வாருங்கள்; திருத்துகிற கைகள் அங்கே இருக்கும். 2027 பெப்ரவரி, யாழ்ப்பாணம் முற்றவெளி, காலை நேரம்.